கந்தகம் போய்ச் சேரும் இடம்: கோலியனூர் கருத்தரங்கின் தலைமை உரை

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது பெட்ரோலும் மண்ணெண்ணெயும் டீசலும் ஆவியாகி மேலே போகின்றன. கோபுரத்தின் அடியில் தங்கும் கறுப்புக் குழம்பிலிருந்துதான் கனரக எரியெண்ணெய் கிடைக்கிறது. ஆலைக்காரர்கள் அதை ஃபர்னஸ் ஆயில் என்பார்கள். கச்சாவில் இருந்த கந்தகத்தில் பெரும்பங்கும் அந்தக் குழம்போடு அடியிலேயே நின்றுவிடுகிறது. நம் நாட்டில் விற்கப்படும் ஃபர்னஸ் ஆயிலில் எடையில் 4 விழுக்காடு வரை கந்தகம் இருக்கலாம். 3 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு டன் எண்ணெயில் 30 கிலோ கந்தகம் உண்டு. எரிந்தால் அது 60 கிலோ கந்தக டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே வெளியேறும். ஆக்சிஜன் சேர்ந்து எடை இரட்டிப்பாகும் இந்தக் கணக்கை மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு.

எண்ணெயில் கந்தகம் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. மெர்காப்டன், சல்ஃபைடு வகைகளில் இருப்பது எளிதில் கழன்றுவிடும். தயோஃபீன் வளையத்துக்குள் இருப்பது அடம்பிடிக்கும். பென்சோதயோஃபீன், டைபென்சோதயோஃபீன் என்று வளையங்கள் கூடக்கூட அடமும் கூடும். கந்தக அணுவின் இருபுறமும் மெத்தில் தொகுதிகள் மறைத்து நிற்கும் 4,6-டைமெத்தில் டைபென்சோதயோஃபீன்தான் டீசல் சுத்திகரிப்பவர்களின் கடைசி எதிரி. கனரக எண்ணெயில் நிலைமை இன்னும் கடினம். அங்கே கந்தகம் அஸ்ஃபால்டீன் என்னும் பெரும் மூலக்கூறுகளுக்குள் புதைந்திருக்கிறது. கூடவே வனேடியமும் நிக்கலும் வந்து வினையூக்கியின் துளைகளை அடைத்துவிடுகின்றன. இவையெல்லாம் இந்த அவைக்குப் பாலபாடம். பின்னால் வரும் வாதத்துக்குத் தேவைப்படுவதால் மட்டுமே இங்கே இடம்பெறுகின்றன.

நிலைபெற்ற முறை ஹைட்ரஜன் கொண்டு கந்தகம் நீக்குவது. அலுமினாவின் மேல் பூசிய கோபால்ட்–மாலிப்டினம் அல்லது நிக்கல்–மாலிப்டினம் வினையூக்கி, 350 முதல் 400 பாகை செல்சியஸ் வரை வெப்பம், உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன். டீசலுக்குச் சில பத்து வளிமண்டல அழுத்தம் போதும். அடிக்குழம்புக்கு அது நூற்றைத் தாண்டுகிறது. வினையூக்கியும் விரைவில் செத்துப்போகிறது. எண்ணெயை விட்டுக் கழன்ற கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளிவருகிறது. அதை அமீன் கரைசலில் பிடித்து, 1883இல் காப்புரிமை பெற்ற கிளாஸ் முறையின் இன்றைய வடிவத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே மூன்றில் ஒரு பங்கை எரித்துக் கந்தக டை ஆக்சைடாக்கி, மீதி இரண்டு பங்கோடு வினைபுரிய விட்டால் மஞ்சள் கந்தகமும் நீரும் கிடைக்கும். இரண்டு மூன்று படிகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் மீட்கலாம். வால்வாயுவையும் சுத்திகரித்தால் 99.9 வரை போகலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு முதன்மையான களம் மணலி. 1965இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோக்கோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவற்றின் கூட்டாக உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனுடன் இயங்கத் தொடங்கியது. இன்று சென்னை பெட்ரோலியம் என்ற பெயரில் 105 லட்சம் டன் திறனுடன் நிற்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்து, பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்குள் அடங்க வேண்டும் என்றானது. அதே ஆண்டு ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளின் கந்தக உச்சவரம்பைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைத்தது. இந்த இரண்டு முடிவுகளும் ஃபர்னஸ் ஆயிலின் சந்தையை ஆட்டம் காண வைத்தன. விவரங்களைப் பின்வரும் அமர்வுகள் பேசும்.

துறையின் வளர்ச்சியைத் தொகுத்துச் சொல்வதே தலைமை உரைக்கு உரிய மரபு. இந்த இருக்கையில் முன்பு அமர்ந்த பெரியோர் அதைச் செவ்வனே செய்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் இங்கே நிற்பது பெருமையும் அச்சமும் ஒருங்கே தருவது. ஆனாலும் தொகுப்பு இத்தோடு நிற்கிறது. துறை நெடுநாளாகக் கேட்கத் தயங்கிவரும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: நீக்கப்பட்ட கந்தகம் எங்கே போகிறது? எவ்வளவு விழுக்காடு நீக்கினோம் என்பதை எழுதாத கட்டுரை இல்லை. நீக்கியதை எங்கே வைத்தோம் என்று எழுதுகிற கட்டுரை அரிது.

முதலில், நீக்காமலேயே நீக்கியதாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கம். எல்.எஸ்.எச்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கந்தகம் குறைந்த கன எரியெண்ணெய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1990களின் இறுதியில் சென்னை பேசின் பாலத்தருகே ஜி.எம்.ஆர். வாசவி நிறுவனம் அமைத்த சுமார் 200 மெகாவாட் டீசல் எஞ்சின் மின்நிலையம் இந்த எண்ணெயில்தான் ஓடியது. இதில் கந்தகம் 0.5 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். ஆனால் அதன் உறைநிலை சுமார் 72 பாகை. டேங்கரிலும் தொட்டியிலும் குழாயிலும் நீராவிச் சுருள் ஓட்டிச் சூடாக வைத்திருக்காவிட்டால் மெழுகாக இறுகி நின்றுவிடும். நடைமுறைத் தொல்லை எவ்வளவு இருந்தாலும் நகரத்துக் காற்றுக்கு அது நல்ல தேர்வு, அதில் ஐயமில்லை. ஐயம் வேறு. அந்த எண்ணெயில் கந்தகம் குறைவாக இருப்பதற்குக் காரணம் யாரோ அதை நீக்கியதல்ல. கந்தகம் குறைந்த பம்பாய் ஹை போன்ற கச்சாவைத் தேர்ந்து வடித்ததே. ஒரு சுத்திகரிப்பு ஆலை கந்தகம் குறைந்த இனிப்புக் கச்சாவை எடுத்துக்கொண்டால் கந்தகம் மிகுந்த புளிப்புக் கச்சா இன்னோர் ஆலைக்குப் போகும். பூமியிலிருந்து மேலே வந்த கந்தகத்தின் கணக்கில் ஒரு கிலோகூடக் குறைவதில்லை. தவிர்த்தல் ஒரு நல்ல நிர்வாக முடிவு. அதைக் கந்தக நீக்கத் தொழில்நுட்பத்தின் வெற்றிகளில் ஒன்றாக ஆய்வு மேலோட்டங்கள் வரிசைப்படுத்துவதை ஏற்க முடியாது.

அடிக்குழம்பைக் கோக் ஆக்கும் முறையும் இதே தராசில் நிறுக்கப்பட வேண்டும். மணலியில் 2010களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 22 லட்சம் டன் திறனுள்ள கோக்கர் அமைந்தது. கோக்கர் அடிக்குழம்பை உடைத்து லேசான எண்ணெய்களைப் பிரித்தெடுக்கிறது, மிஞ்சுவது பெட்கோக். கந்தகத்தில் ஒரு பங்கு வாயுவாகி மீட்கப்படுகிறது. மற்றொரு பங்கு பெட்கோக்கிலேயே உறைந்து, புளிப்புக் கச்சா என்றால் 6, 7 விழுக்காடு வரைகூடப் போகிறது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் மாநிலங்களில் பெட்கோக்குக்கும் ஃபர்னஸ் ஆயிலுக்கும் ஒருசேரத் தடை விதித்தது இதை நன்கு உணர்ந்துதான். சிமென்ட் சூளைக்குப் பின்னர் விலக்குக் கிடைத்தது, அதுவும் சரியே. சூளைக்குள் இருக்கும் சுண்ணாம்பு கந்தகத்தைப் பிடித்துக் கிளிங்கருக்குள் வைத்துக்கொள்ளும். ஒரே பெட்கோக் கொதிகலனில் எரிந்தால் குற்றம், சூளையில் எரிந்தால் சரக்கு. எரிபொருளின் கந்தக விழுக்காட்டை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

ஆய்வகங்களுக்குப் பிடித்தமான இரண்டு முறைகளையும் இங்கே பார்த்துவிடலாம். ஒன்று, ஆக்சிஜனேற்றம். ஹைட்ரஜன் பெராக்சைடால் கந்தகச் சேர்மத்தைச் சல்ஃபோனாக மாற்றி, கரைப்பானால் கழுவி எடுப்பது. உயர் அழுத்தம் வேண்டாம், ஹைட்ரஜன் வேண்டாம். டீசலின் கடைசிச் சிறு எச்சத்தை எடுக்க இது அருமையான வழி. கனரக எண்ணெய்க்கு இதைப் பரிந்துரைப்பவர்கள் ஓர் எளிய பெருக்கலைச் செய்து பார்க்க வேண்டும். கழுவும்போது கந்தக அணு மட்டும் தனியே வராது. அது ஒட்டிக்கொண்டிருக்கும் முழு மூலக்கூறும் வரும். அடிக்குழம்பின் சராசரி மூலக்கூறு எடை 600, கந்தகம் 3 விழுக்காடு என்று கொள்வோம். 600இல் 18 பங்கு கந்தகம். கந்தகத்தின் அணு எடை 32. மூலக்கூறுக்கு ஓர் அணு என்றால், ஏறத்தாழ இரண்டில் ஒரு மூலக்கூறு கந்தகம் சுமக்கிறது. கந்தகத்தைக் கழுவி எடுத்தால் எண்ணெயில் பாதியும் கூடவே போய்விடும். இந்தக் கணக்கு கரும்பலகையில் நான்கு வரி. அது இல்லாமலே பக்கம் பக்கமாகக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன.

மற்றொன்று, நுண்ணுயிர். கார்பன் கூட்டை உடைக்காமல் கந்தகத்தை மட்டும் கொத்தியெடுக்கும் ரோடோகாக்கஸ் இனத்தின் ஐ.ஜி.டி.எஸ்.8 என்ற வகை சிகாகோவின் எரிவாயுத் தொழில்நுட்பக் கழகத்தில் கண்டறியப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அறிவியல் அழகு என்று பார்த்தால் அதற்கு நிகரில்லை. ஆனால் தூய ஹெக்சாடெக்கேனில் டைபென்சோதயோஃபீனைக் கரைத்து வைத்துக் குடுவையில் 90 விழுக்காடு நீக்கம் காட்டுவது ஒன்று. வனேடியமும் அஸ்ஃபால்டீனும் நிறைந்த, அறை வெப்பத்தில் அசையக்கூட மறுக்கும் குழம்பில் நுண்ணுயிரை வேலை வாங்குவது வேறொன்று. உயிரி நீரில் வாழ்கிறது, கந்தகம் எண்ணெயில் இருக்கிறது. இரண்டும் சந்திக்கவே எண்ணெய்க்கு ஈடாகத் தண்ணீர் கலக்க வேண்டும். வினையின் முடிவில் வரும் ஹைட்ராக்சி பைஃபீனைல் அந்த உயிரியையே முடக்கிவிடுகிறது. நம் பல்கலைக்கழகங்களில் இத்துறையில் உழைத்தவர்களின் திறமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அவர்கள் நுண்ணுயிரைத் தவறான இடத்தில் வேலைக்கு வைத்தார்கள் என்பது மட்டுமே இங்கே சொல்லப்படுவது. சரியான இடம் எது என்பதற்கு எண்ணெயை விட்டு விலகி வர வேண்டும்.

விழுப்புரத்தை அடுத்த கோலியனூர் கூட்டுரோட்டிலிருந்து தெற்கே பிரியும் சாலை பண்ருட்டியைத் தாண்டி நெய்வேலிக்குப் போகிறது. கந்தகம் பற்றிய தமிழகத்தின் மிகப் பெரிய விவாதமும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 2015 டிசம்பர் 7இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு முதன்முறையாக வரம்பு விதித்தது. இரண்டு ஆண்டுக் கெடு மீண்டும் மீண்டும் நீண்டது. 2025 ஜூலையில் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்த புதிய அறிவிக்கை, நாட்டின் நிலையங்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவற்றுக்குப் புகைவாயுக் கந்தக நீக்கியை, அதாவது எஃப்.ஜி.டி.யை, நிறுவும் கட்டாயத்திலிருந்து விலக்களித்தது. விலக்கை ஆதரிப்போர் முதலில் எடுத்துவைத்த வாதம், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, சுமார் 0.5 விழுக்காடுதான் என்பது.

விழுக்காடு என்ற அலகு இங்கே ஏமாற்றுகிறது. மின்சாரத்துக்காக எரிக்கப்படுவது எடையல்ல, வெப்பம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதி நீர். அதன் வெப்பமதிப்பு கிலோவுக்கு 2,600 கிலோகலோரி, கந்தகம் 0.7 விழுக்காடு என்று எடுத்துக்கொள்ளலாம். சாதாரண நிலக்கரிக்கு 3,800 கிலோகலோரி, 0.5 விழுக்காடு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2,600 கிலோகலோரி வெப்பம் வேண்டும் என்றால் நெய்வேலியில் ஒரு கிலோ எரிகிறது, மற்றதில் 680 கிராம். கந்தக டை ஆக்சைடு நெய்வேலியில் 14 கிராம், மற்றதில் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. விழுக்காட்டில் 0.7க்கும் 0.5க்கும் உள்ள இடைவெளி சிறிதாகத் தெரிகிறது. யூனிட் கணக்கில் இரட்டிப்பாகிவிடுகிறது. சாம்பலிலுள்ள சுண்ணாம்பு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. அந்தக் கழிவைக் கழித்தாலும் இரண்டையும் ஒரே மூச்சில் ‘கந்தகம் குறைந்த எரிபொருள்’ என்று சொல்வதற்கு இடமில்லை. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தில் 250 மெகாவாட் அலகுகள் இரண்டு சுழல் மிதவைப் படுகைக் கொதிகலனுடன் அமைந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லை அடுப்புக்குள்ளேயே போட்டுக் கந்தகத்தைப் பிடிப்பது அந்தக் கொதிகலனின் அடிப்படை வசதி.

இதனால் எஃப்.ஜி.டி.யைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கும் மறுதரப்பு சரி என்றாகிவிடாது. ஈரச் சுண்ணாம்புக்கல் முறையில் ஒரு டன் கந்தகத்தைப் பிடிக்கச் சற்றொப்ப 3.1 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். கையில் கிடைப்பது 5.4 டன் ஜிப்சம். வானத்துக்குப் போவது சுமார் 1.4 டன் கரியமிலவாயு. கிளாஸ் முறையில் ஒரு டன் கந்தகத்துக்கு ஒரு டன் மஞ்சள் கந்தகம். கல் வேண்டாம், குப்பை மேடு வேண்டாம். டாட்டா நிறுவனம் மும்பை டிராம்பேயில் செய்வதுபோலக் கடல்நீரால் கழுவினால் இந்தச் சுமையும் இல்லை. கடலில் லிட்டருக்கு சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் ஏற்கெனவே இருப்பதால் அது சேர்வது தெரியாது என்பார்கள். கந்தகத்தைப் பொறுத்தவரை அந்த வாதம் நிற்கும். புகையோடு வரும் உலோகங்களுக்கு நிற்காது. நெய்வேலியில் அதற்கு வழியுமில்லை.

இந்த வேறுபாட்டுக்கு அடியில் இருப்பது ஒரே வேதியியல் உண்மை. கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து வந்தால் செறிந்த வாயுவாக வருகிறது, மீட்க முடிகிறது. ஆக்சிஜனோடு சேர்ந்து வந்தால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்காகப் பெரும்புகையில் கரைந்து வருகிறது, சுண்ணாம்பில் புதைக்கத்தான் முடிகிறது. எரிப்பதற்கு முன் பிடி, அல்லது ஆக்சிஜன் சேராத இடத்தில் பிடி என்பதே இவ்வுரையின் நிலைப்பாடு.

நெய்வேலிக்கே இது புதிதல்ல என்பதைத் துறையின் வரலாற்றை எழுதியவர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள். 1966இல் அங்கே தொடங்கிய யூரியா ஆலை பழுப்பு நிலக்கரியை எரிக்கவில்லை. விங்க்ளர் முறையில் வாயுவாக்கியது. பின்னர் கன எரியெண்ணெயை வாயுவாக்கும் முறைக்கு மாறியது. அம்மோனியா வினையூக்கிக்குக் கந்தகம் விஷம். ஆகவே அந்த ஆலையில் கந்தக நீக்கம் சுற்றுச்சூழல் கட்டளை இல்லாமலே தினசரி வேலையாக இருந்தது. கன எண்ணெயை வாயுவாக்கிக் கந்தகத்தைச் சரக்காக எடுப்பதை வடக்கே பானிபட், பட்டிண்டா உர ஆலைகளும் 2013 வாக்கில் இயற்கை வாயுவுக்கு மாறும்வரை செய்துவந்தன. நெய்வேலி உர ஆலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. பொருளாதாரம் அதைக் கொன்றது; வேதியியல் கொல்லவில்லை. கனரக எண்ணெயிலிருந்தும் பழுப்பு நிலக்கரியிலிருந்தும் கந்தகத்தை எரிக்குமுன் பிரித்த கைத்தேர்ச்சி இந்தச் சாலையில் ஒரு தலைமுறைக் காலம் இருந்தது. அதைப் பற்றி விரிவான ஒரு தொழில்நுட்ப வரலாறு எழுதப்பட வேண்டியிருக்கிறது.

ஆலைக்கழிவுக்கு வந்தால் விழுப்புரம் வட்டாரத்தில் முதல் சான்று சர்க்கரை ஆலை. முண்டியம்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஆலையின் அரவைப் பருவத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் நாட்டின் பெரும்பாலான ஆலைகள் கரும்புச்சாற்றை வெளுக்க இரட்டைச் சல்ஃபிடேஷன் முறையைக் கையாள்கின்றன. மஞ்சள் கந்தகக் கட்டிகளை இரும்பு உலையில் இட்டு எரிக்கிறார்கள். நீலச் சுடர் எழுகிறது. உள்ளே போகும் காற்று உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் கலந்தால் கந்தக அமிலம் உண்டாகிக் குழாயை அரித்துவிடும் என்பது உலையடியில் நிற்கும் தொழிலாளிக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாமலே தெரியும். அந்த வாயுவும் சுண்ணாம்பும் சேர்ந்து கால்சியம் சல்ஃபைட்டாகப் படிந்து அழுக்கை இழுத்துக்கொண்டு போகின்றன. கரும்பின் எடையில் கந்தகச் செலவு சுமார் 0.05 விழுக்காடு. நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலை என்றால் ஒன்றேகால் டன் கந்தகம். ஒருபுறம் மணலி கந்தகத்தை நீக்குகிறது, மறுபுறம் கரும்பாலை விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கிறது. இந்த இரண்டையும் ஒரே அமர்வில் வைத்துப் பேசிய கருத்தரங்கு அரிது. எண்ணெய் வேதியியலாருக்குச் சர்க்கரை கீழான பொருளாகத் தோன்றுகிறதோ என்னவோ.

அந்த ஒன்றேகால் டன்னில் பெரும்பகுதி பிரஸ்மட் என்ற வடிகட்டிக் கசடோடு வயலுக்கு எருவாகப் போகிறது. கொஞ்சம் சர்க்கரையில் ஒட்டுகிறது. மிச்சம் மொலாசஸில் சேர்கிறது. மொலாசஸ் வடிசாலைக்குப் போய் எரிசாராயமாகும்போது ஒரு லிட்டருக்கு எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை செங்கறுப்புக் கழிவுநீர் மிஞ்சுகிறது. நொதித்தலுக்கு ஊற்றும் கந்தக அமிலமும் சேர்ந்து அதில் லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் சல்ஃபேட் இருக்கும். காற்றில்லா செரிப்புத் தொட்டியில் அதை விட்டால் மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் எழுகிறது. சாண எரிவாயுவில் அது அற்பம். இங்கே 2 விழுக்காட்டைத் தாண்டும். பெரும்பாலோர் இதைத் தொல்லை என்றே எழுதுகிறார்கள். எஞ்சினை அரிக்கும், தொட்டிக்குள் இறங்கியவர் உயிரைப் பறிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்குக்கு மேல் போனால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. எல்லாம் உண்மை. ஆனால் எண்ணெய் ஆலை பல நூறு கோடி செலவிட்டு ஹைட்ரஜன் ஊட்டிப் பெறுகிற அதே வாயுவை இங்கே பாக்டீரியா இலவசமாகச் செய்து தருகிறது என்பதும் உண்மை.

விழுப்புரம் நகரத்தினூடே வரும் கோலியனூரான் வாய்க்காலில் சாக்கடை கலந்து தேங்கும் இடங்களில் அடிச்சேறு கறுத்து, முட்டை அழுகிய நாற்றம் வீசும். சல்ஃபேட்டை சல்ஃபைடாக்கும் அதே பாக்டீரியாக் கூட்டம் அங்கே வேலை செய்கிறது. கறுப்பு, இரும்புச் சல்ஃபைடின் நிறம். செரிப்புத் தொட்டியில் நடப்பதைக் காண விரும்பும் மாணவர் இந்த மண்டபத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டாம்.

நுண்ணுயிருக்குச் சரியான இடம் என்று முன்னே சொன்னது செரிப்புத் தொட்டியில் எழும் இந்த வாயுவே. வாயுவைச் சற்றே காரமான நீரில் கழுவி, அளவறிந்து மிகக் கொஞ்சம் காற்று ஊட்டினால், தயோபாசில்லஸ் போன்ற பாக்டீரியா சல்ஃபைடைத் தனிமக் கந்தகமாக்கிவிடும். காற்று மிகுந்தால் சல்ஃபேட்டாகி வேலை கெடும்; கட்டுப்பாடு முழுவதும் அந்த ஊசிமுனையில்தான். நெதர்லாந்தில் வளர்ந்த இம்முறை இயற்கை எரிவாயுவிலும் காகித ஆலைக் கழிவிலும் நிலைபெற்றுவிட்டது. தோல் பதனிடுவதில் மயிர் நீக்கச் சோடியம் சல்ஃபைடு இடுவதால் நம் பாலாற்றங்கரைக் கழிவுநீரிலும் இதே சிக்கல். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார் காற்றில்லா முறையில் அந்நீரைச் சுத்திகரித்து, எழும் வாயுவிலிருந்து கந்தகத்தைத் தனியே எடுக்கும் ஆய்வைச் செய்திருக்கிறார்கள். அந்த வேலை மேற்கோள்களில் பெற்ற இடம் அதன் தகுதிக்குக் குறைவு.

கனரக எண்ணெயும் ஆலைக்கழிவும் ஒரே இடத்தில் சந்தித்த தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு கரூர் காகிதபுரத்தில் இருக்கிறது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையைக் கழுவிய நீரைச் செரிப்புத் தொட்டியில் விட்டு, எழும் வாயுவைச் சுண்ணாம்புச் சூளையில் ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக எரிக்கிறது. எண்ணெய் மிச்சம். வாயுவில் வரும் சல்ஃபைடு எரிந்தாலும் சூளைச் சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். கந்தகம் எங்கே போகிறது என்று கேட்டு அமைத்த ஏற்பாடு இப்படித்தான் இருக்கும். இதற்கு நேர்மாறாக, ‘பூஜ்ஜியக் கழிவு’ என்ற பெயரில் வடிசாலைகள் கழிவுநீரைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரிக்கின்றன. சாம்பலில் பொட்டாஷும் சல்ஃபேட்டும் உரமாகக் கிடைக்கின்றன, அது நன்மையே. பிடிபடாத கந்தகம் புகையாகிறது. நீர்ப் பதிவேட்டில் பூஜ்ஜியம் எழுதியவர்கள் காற்றுப் பதிவேட்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

மீட்ட கந்தகத்துக்குச் சந்தை எங்கே என்று ஒரு சாரார் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். இந்தியாவில் சொல்லத்தக்க இயற்கைக் கந்தகப் படிவு கிடையாது. பீகார் அம்ஜோர் பைரைட் சுரங்கமும் மூடப்பட்டுவிட்டது. உர ஆலைகளுக்கு வேண்டிய கந்தகத்தின் ஒரு பகுதி இன்றும் வளைகுடாவிலிருந்து கப்பலில் வருகிறது. இந்த வட்டாரத்துக்குள்ளேயே பார்த்தால், உளுந்தில் சாம்பல் நோய் வந்தால் நனையும் கந்தகத்தைத் தெளிக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். பாக்டீரியா தரும் கந்தகம் நுண்ணிய துகளாக, நீரில் எளிதில் கலப்பதாக வருவதால் அந்த வேலைக்குப் பொருத்தமானது.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. ரகங்கள் விளையும் இந்த மணிலா (நிலக்கடலை) மண்ணில், விதைத்த 45ஆம் நாள் வாக்கில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது வழக்கம். களைவெட்டியோடு குனிந்து, செடியின் தூரில் வெள்ளைப் பொடியைத் தூவி, விழுது இறங்கும் இடத்தில் மண்ணைக் கூட்டுகிறார்கள். காய் முற்றுவதற்கு அங்கே வேண்டியது கந்தகம் மட்டுமல்ல, கால்சியமும்கூட. ஆகவே மஞ்சள் கந்தகம் ஜிப்சத்துக்கு ஈடாகாது. நெய்வேலியில் சுண்ணாம்புக்கல் முறை வந்தால் அதன் ஜிப்சத்துக்கு எழுபது எண்பது கிலோமீட்டருக்குள் இயல்பான வாங்குபவர் இருக்கிறார். பாதரசம், செலினியம், குளோரைடு அளவுகளைத் தொகுதிக்குத் தொகுதி சோதித்துச் சான்று தந்த பிறகே வயலுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை வரவேற்கலாம். வயல் குப்பைத்தொட்டியாகிவிடக் கூடாது.

இனி வரும் அமர்வுகளில் கட்டுரை படிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நீக்கத் திறன் விழுக்காட்டுக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள்: உள்ளே வந்த கந்தகம் எத்தனை கிலோ, அதில் எண்ணெயில், வாயுவில், நீரில், சாம்பலில், கசடில் தங்கியது ஒவ்வொன்றும் எத்தனை கிலோ. கூட்டுத்தொகை பொருந்தாத கட்டுரைகளைத் தொகுப்பு நூலில் சேர்க்கும் முன் ஆசிரியருக்கே திருப்பி அனுப்புமாறு பதிப்புக் குழுவும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.